கும்பகோணத்தில் எஸ்பிரஸோ மெஷின்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

மன்னார்குடியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். ஆன்லைனில் ஒரு எஸ்பிரஸோ மெஷினை, அதாவது அழுத்தம் கொடுத்துக் கெட்டிக் காபி இறக்கும் மெஷினை, பார்த்து வைத்திருக்கிறாராம். "15 பார்னு போட்டிருக்கான், தள்ளுபடி இன்னிக்கு ராத்திரியோட முடியுது. வாங்கிடட்டுமா?" என்றார். பார் என்பது தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. கொட்டை அரைக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மிக்ஸி இருக்கே!" என்றார். தள்ளுபடி முடிகிறவரைக்கும் பேசிப் பேசியே அவரைத் தடுத்துவிட்டேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். பெங்களூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவன். அங்கே செயின் காபி ஷாப் என்பது தெருமுனைச் சமாச்சாரம். கஃபே காபி டே தன் முதல் கடையை 1996-ல் திறந்ததே பெங்களூரு பிரிகேட் ரோட்டில்தான். டாடாவோடு சேர்ந்து ஸ்டார்பக்ஸ் 2012-ல் மும்பையில் கால் வைத்தது. பிறகு பெங்களூருக்கும் வந்தது. டெல்டாவின் கதை வேறு. இங்கே காபி குடிக்க ஆயிரம் இடம் உண்டு, எஸ்பிரஸோ குடிக்கத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அதனால் என்னைப் போல ஊர் திரும்பியவர்களுக்கும், சென்னையில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் ஒரு கட்டத்தில் இந்த மெஷின் ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. நான் செய்த தப்புகளின் விலை ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். அது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் கடைக்குப் போங்கள்

மெஷின் தேடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது, வழக்கமாகப் போகும் காபி ஷாப்பில் வழக்கமான கப்புச்சினோவைக் கேட்காதீர்கள். வெறும் எஸ்பிரஸோ கேளுங்கள். சர்க்கரை போடாமல் நாலு வாயில் மெதுவாகக் குடியுங்கள்.

பிடித்திருந்தால் உங்களுக்கு மெஷின் உதவும். முகம் சுளித்துவிட்டீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடித்தது நுரை பொங்கும் சூடான பால். காபி அதற்கு வாசனை. கடையில் தரும் 350 மில்லி கோப்பையில் காபி என்று இருப்பது 30 முதல் 60 மில்லிதான், மிச்சமெல்லாம் பாலும் நுரையும். அதை வீட்டில் செய்ய முப்பதாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. வழியைக் கீழே சொல்கிறேன்.

கடையில் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் 250 ரூபாயில் காபிக்கு எவ்வளவு, ஏசிக்கு எவ்வளவு, இரண்டு மணி நேரம் யாரும் "சார், வேற ஏதாவது?" என்று கேட்காமல் உட்காரவிடுவதற்கு எவ்வளவு? நம் ஊர் ஹோட்டலில் காபி அருமையாக இருக்கும். ஆனால் டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்துவிட வேண்டும். பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பார். லேப்டாப்பைத் திறக்கவோ, பெண் பார்க்கும் படலத்துக்கு முன்னால் பெண்ணும் பையனும் தனியாகப் பேசிக்கொள்ளவோ இடம் வேண்டுமென்றால் காபி ஷாப்தான். நீங்கள் தேடுவது அந்த இடம் என்றால் எந்த மெஷின் வாங்கினாலும் மூன்று மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

செயின் கடைகளில் காபி போடுபவரின் கைப்பக்குவம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் ஏற்பாடே அப்படித்தான். ஸ்டார்பக்ஸ் வைத்திருக்கும் மாஸ்ட்ரீனா மெஷின் பொத்தானை அழுத்தினால் தானே அரைத்து, தானே அழுத்தி, தானே இறக்கிவிடும். எந்த ஊர்க் கடையிலும் ஒரே ருசி வேண்டும் என்பதற்காகக் கொட்டையைக் கறுக்க வறுப்பார்கள். பாலும் சிரப்பும் சேர்ந்தால் அந்தக் கசப்பு எடுபடும், தனியாகக் குடித்தால் கருகல்தான். இதைவிட நல்ல எஸ்பிரஸோவை வீட்டில் போட முடியுமா? முடியும். தினமும் அதே மாதிரி வருமா? அதுதான் கஷ்டம்.

காசுக் கணக்கு

வறுத்த நல்ல கொட்டை 250 கிராம் ஏறத்தாழ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டபுள் ஷாட்டுக்கு (இரட்டை அளவு எஸ்பிரஸோவுக்கு) 18 கிராம், அதாவது 36 ரூபாய். பால் 150 மில்லி, லிட்டர் 60 ரூபாய் கணக்கில் 9 ரூபாய். கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பைக்கு 50 ரூபாய் என்று வையுங்கள். கடையில் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 250 என்றால் மிச்சம் 200 ரூபாய்.

இப்போது முதலீடு. சுமாரான மெஷின் 12,000, கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் 8,000, தராசும் தட்டுமுட்டுச் சாமானும் 1,000. ஆக 21,000. அதாவது 105 கோப்பை குடித்தால் போட்ட காசு திரும்பும். வாரம் இரண்டு தடவை காபி ஷாப் போகிறவருக்கு ஒரு வருஷம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்கு அது பின்னால்தான் உறைத்தது. மெஷின் வந்ததும் வாரம் இரண்டு எஸ்பிரஸோவா குடிக்கிறோம்? தினம் இரண்டு. மெஷின் வராமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஹோட்டலில் 25 ரூபாய்க்கு டிகிரி காபியோ, வீட்டில் அதைவிட மலிவாக ஃபில்டர் காபியோ குடித்திருப்போம். அதோடு ஒப்பிட்டால் கோப்பைக்கு 25 ரூபாய் நஷ்டம். பெங்களூர்க்காரருக்கு மெஷின் சிக்கனம், கும்பகோணத்துக்காரருக்கு அது ஆடம்பரம். ஆடம்பரம் என்று தெரிந்தே வாங்கினால் மனசு அடித்துக்கொள்ளாது.

மெஷின் இல்லாமல் முதல் படி

வீட்டில் பித்தளை ஃபில்டர் இருக்குமே? சிக்கரி சேர்க்காத, நன்றாக வறுத்த பொடி 20 கிராம் போடுங்கள். லேசாக அமுக்கி, கொதித்த தண்ணீர் 80 மில்லி மட்டும் ஊற்றி இருபது நிமிஷம் விடுங்கள். இறங்கியதில் 40 மில்லி எடுத்து, பாட்டரியில் ஓடும் நுரை மத்தால் அடித்த 120 மில்லி பாலை அதன் மேல் ஊற்றுங்கள். கடைக் கப்புச்சினோவுக்கு முக்கால்வாசி பக்கத்தில் வந்துவிடும். செலவு அந்த மத்துக்கு மட்டும், சில நூறு ரூபாய்.

அடுத்தது மோக்கா பாட். இத்தாலியில் 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்த அலுமினியக் கூஜா. அடியில் வால்வுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர், நடுவில் பொடி, சின்னத் தீ. பொடியை அமுக்கக் கூடாது. புஸ் புஸ் என்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், விட்டால் கருகல் வாசனை ஏறிவிடும். இதில் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான் இருக்கும். எஸ்பிரஸோ ஆகாது, ஆனால் அதன் தம்பி என்று சொல்லலாம். இரண்டு மாதம் இதில் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் அலுத்துவிட்டால் நல்லது, 20,000 ரூபாய் தப்பித்தது. இன்னும் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், கிரைண்டருக்குப் போகலாம்.

மெஷினைவிட அரவை முக்கியம்

எஸ்பிரஸோ என்பது என்ன? 90 முதல் 96 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரை, ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், இறுக்கி வைத்த 18 கிராம் பொடி வழியாகத் தள்ளி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் சாறு எடுப்பது. 9 பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோ பாரம். ஃபில்டரில் தண்ணீர் தன் எடையாலேயே இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. பொடி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். முப்பது விநாடியில் நடக்கும் வேலைக்கு அந்தப் பொறுமை இல்லை. பொடி ஒரு நூல் பெரிதாக இருந்தால் தண்ணீர் மடைதிறந்த மாதிரி ஓடிவிடும், ஒரு நூல் சின்னதாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். வயலில் வரப்பு ஒரு இடத்தில் உடைந்தால் தண்ணீர் அத்தனையும் அந்த வழியே போகுமே, அதேதான் இங்கேயும்.

மிக்ஸி கொட்டையை அரைக்காது, வெட்டும். தூளும் குருணையும் கலந்து விழும். தூளிலிருந்து கசப்பும் குருணையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பையில் வரும். அதனால்தான் நண்பரைத் தடுத்தேன்.

சரி, காபிப்பொடிக் கடையில் நைஸாக அரைத்து வாங்கினால்? நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் தெருப் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், "மெஷினுக்கா தம்பி? சிக்கரி எத்தனை போட?" வேண்டாம் என்றேன். "சிக்கரி இல்லாம காபி திக்கா வராது தம்பி" என்று அவர் வருத்தப்பட்டார். அவருக்காக இருபது சதவீதம் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மெஷினில் வைத்தேன். பம்ப் உறுமியது, ஒரு சொட்டு வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்து போர்ட்டாஃபில்டரின் (பொடிக் கிண்ணத்தைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடியின்) ஓரத்திலிருந்து கறுப்புச் சேறு பீய்ச்சி அடித்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அடுப்படிச் சுவர் வரைக்கும் போனது. சிக்கரி காபிக்கொட்டை கிடையாது, ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைத்த பொடி சுடுதண்ணீரில் கரைந்து பாகாகிவிடும். ஃபில்டரில் அந்தக் குணம்தான் டிகாஷனுக்கு உடம்பு தருகிறது, எஸ்பிரஸோ மெஷினில் அதுவே அடைப்பு. காபி-சிக்கரி கலவை என்று விற்கும் பொட்டலத்தில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும் என்பது சட்டம். ஆகவே பொட்டலத்தின் மேல் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டே எதையும் மெஷினில் போடுங்கள்.

சிக்கரி இல்லாமல் அரைத்து வாங்கினாலும் இரண்டு தொல்லை. கடை மெஷினில் முன்னால் அரைத்தவருடைய சிக்கரி ஒட்டியிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, அரவையை நாளைக்கு மாற்ற முடியாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்று ஈரமாகும்போதும், சித்திரை வெயிலிலும் ஒரே அரவை ஓடாது. பொட்டலம் பழசாக ஆக, சாறு இறங்கும் வேகமும் மாறும். கிரைண்டர் உங்கள் கையில் இருந்தால் அரவைத் திருகை ஒரு கிளிக் திருப்பினால் தீர்ந்தது. ஆகவே பட்ஜெட் 20,000 என்றால் 8,000-ஐ முதலில் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். "எஸ்பிரஸோவுக்கு ஏற்றது" என்று சொல்லி விற்கும், எஃகுப் பர் (கொட்டையை நசுக்கி அரைக்கும் பல் வைத்த பாகம்) வைத்த கைக் கிரைண்டராக இருக்கட்டும். 18 கிராம் சுற்ற ஒரு நிமிஷம் ஆகும். கை வலிக்கும், பழகிவிடும்.

மெஷினில் பார்க்க வேண்டியவை

15 பார், 20 பார் என்று பெட்டியில் போடுவது பம்ப்பின் உச்சபட்ச சக்தி. தேவை 9. அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

பார்க்க வேண்டியது பொடியைப் போடும் சல்லடைக் கிண்ணத்தை. விலை குறைந்த மெஷின்களில் இரட்டை அடி வைத்த கிண்ணம் வரும். அடியில் ஒரே ஒரு ஊசித் துவாரம். எந்தப் பொடி போட்டாலும் அது நுரை கிளப்பிவிடும், அந்த நுரை ருசிக்குச் சாட்சி ஆகாது. ஒற்றை அடிக் கிண்ணமும் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள். பழகும்வரை இரட்டை, கை படிந்த பிறகு ஒற்றை.

அப்புறம் கரண்ட். இந்த மெஷின்கள் 1,000 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். சிலவற்றில் கீஸருக்கும் ஏசிக்கும் போடுகிற பெரிய 16 ஆம்ப் பிளக் இருக்கும். உங்கள் அடுப்படியில் அந்த சாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மெஷினை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற நினைப்பும் வேண்டாம். மழைக்காலத்தில் கரண்ட் நிற்கும் ஊர் என்றால் கையால் நெம்பும் ஃபிளேர் மாதிரி லீவர் மெஷின் நல்ல யோசனை. அதற்குக் கரண்டே வேண்டாம், கேஸில் தண்ணீர் கொதித்தால் போதும். வெண்ணாற்றங்கரையில் கரண்ட் போன நேரத்திலும் காபி தரும் சாமான்.

சர்வீஸ் எங்கே என்று கேட்காமல் வாங்காதீர்கள். என் முதல் மெஷினின் பம்ப் எட்டாவது மாதம் நின்றது. கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்க பின்கோடுக்கு ஆள் வரமாட்டாங்க, சென்னைக்கு அனுப்புங்க, அனுப்புற செலவு உங்களோடது" என்றார்கள். அட்டைப்பெட்டியை அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன். வாரன்டி முடியும்வரை பெட்டியைப் பரணில் வைத்திருங்கள்.

கொட்டையும் தண்ணீரும் ஒரே மலையிலிருந்து

காவிரி பிறக்கும் குடகுதான் இந்தியாவின் பெரிய காபி மாவட்டங்களில் ஒன்று. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கல்லணை வழியாக நமக்கு வருகிற தண்ணீரும், கூரியரில் வருகிற கொட்டையும் ஏறக்குறைய ஒரே மழையைக் குடித்தவை. சிக்கமகளூரு, ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை, வால்பாறைக் கொட்டைகளும் கிடைக்கும்.

வாங்கும்போது வறுத்த தேதியைப் பாருங்கள். பொடிக்கடை வழக்கத்தில் இன்று வறுத்து இன்று அரைத்தால்தான் விசேஷம். எஸ்பிரஸோவுக்கு அது ஒத்துவராது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும், ஒன்று இரண்டு வாரம் கழிந்தால்தான் அடங்கும். அவசரப்பட்டு வைத்தால் நுரையும் குமிழியுமாகப் பொங்கும், ருசி நிற்காது. பத்தாவது நாளில் திறந்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். காற்றுப் புகாத டப்பா போதும், திறந்து மூடுகிற ஃபிரிட்ஜில் வேண்டாம், சாம்பார் வாசனையை இழுத்துக்கொள்ளும். தொடங்குபவர்கள் நடுத்தரமாக வறுத்ததையோ அதைவிடக் கொஞ்சம் கறுத்ததையோ வாங்குங்கள். வெளிர் வறுவல் பழத்தின் வாசனை தரும் என்று ஆசை காட்டுவார்கள். அது வீட்டு மெஷினில் லேசில் வசப்படாது, புளித்துத் தொலைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் டெல்டாவில் கொஞ்சம் கவனம் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 600-க்கு மேல். அதை ஊற்றினால் மூன்று மாதத்தில் உள்ளே உப்புப் படிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் 40. அது மெஷினுக்குப் பத்திரம், காபி மட்டும் சப்பென்று இருக்கும்; ருசியை இழுத்து வெளியே கொண்டுவரத் தண்ணீரில் கொஞ்சம் கனிமம் வேண்டும். 75-லிருந்து 150 வரை இருந்தால் நல்லது. நான் 320 காட்டும் குழாய்த் தண்ணீரை வடிகட்டி ஒரு பங்கும், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கும் கலக்கிறேன், 130 பக்கம் வருகிறது. பல ஆர்.ஓ. சாதனங்களில் டிடிஎஸ்ஸைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. சர்வீஸுக்கு வருபவரிடம் 120-ல் வைக்கச் சொன்னால் இந்தக் கலக்கல் வேலை மிச்சம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிய இடங்களில் கலக்க வேண்டாம், கேன் தண்ணீரே ஊற்றுங்கள்.

முதல் நாள், முதல் நாலு ஷாட்

நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். மெஷினைப் போட்டுப் பதினைந்து நிமிஷம் சூடாகவிடுங்கள். போர்ட்டாஃபில்டரும் அதிலேயே மாட்டியிருக்கட்டும். 18 கிராம் கொட்டையை அரைத்துக் கிண்ணத்தில் கொட்டி (உங்கள் கிண்ணம் சின்னதென்றால் 15), ஒரு ஊசியால் கட்டி இல்லாமல் கிளறிவிடுங்கள். நான் பாட்டில் கார்க்கில் நாலு மெல்லிய ஊசி குத்தி வைத்திருக்கிறேன். பிறகு அமுக்கியால் அழுத்துங்கள். எவ்வளவு பலமாக என்பதைவிடத் தட்டையாக என்பதுதான் முக்கியம். சாய்ந்தால் தண்ணீர் சாய்ந்த பக்கமே போகும்.

என் முதல் ஷாட் 36 கிராம் இறங்க 11 விநாடி எடுத்தது. வெளிறிய நிறம், புளித்த மோரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அரவையை இரண்டு கிளிக் நைஸாக்கினேன்: 17 விநாடி, இன்னும் புளிப்பு. பொறுமை போய் ஐந்து கிளிக் திருகினேன். 45 விநாடி ஆகியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது, நாக்கில் வைத்தால் கருகிய வேப்பம்பூ. இரண்டு கிளிக் பின்னால் வந்தேன். நாலாவது ஷாட்டில் முதல் ஆறு ஏழு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு கறுப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அவை சேர்ந்து ஒரு நூல். ஜாடியிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி வளைந்து நெளிந்து இறங்கியது. கறுப்பு செம்பழுப்பாகி, பழுப்பு பொன்னிறமாகத் தொடங்கும்போது தராசு 36 காட்டியது. நிறுத்திவிட்டேன். 28 விநாடி.

அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, கைக்குழந்தைக்குப் பாலாடையில ஊத்துற அளவுகூட இல்லியே?" என்றார்.

"அது அவ்வளவுதான் அத்தை. குடிச்சுப் பாருங்க."

ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கள்ளிச்சொட்டாத்தான் இருக்கு. பால் எங்கே?" என்றார்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: புளித்தால் நைஸாக்கு, கசந்தால் பருமனாக்கு. எடையைத் தொடாதே, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். புதுப் பொட்டலம் திறக்கும்போதெல்லாம் நாலைந்து ஷாட் இப்படி வீணாகும். அதைக் கணக்கில் சேர்க்காமல் 250 கிராமில் 13 காபி வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

பால்

நம் ஊரில் பாலைப் பொங்கவிட்டால்தான் பால். எஸ்பிரஸோவுக்கு 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். பாத்திரத்தை உள்ளங்கையில் பிடிக்க முடியாமல் போகும் கணம்தான் அது. அதைத் தாண்டினால் பாலின் இனிப்பு போய்விடும், நுரையும் சோப்பு நுரை மாதிரி ஆகிவிடும்.

பாக்கெட் பாலைப் பாஸ்சுரைஸ் செய்துதான் தருகிறார்கள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக நீராவி பிடிக்கலாம். வீட்டுக்கு வரும் கறந்த பாலை அப்படிச் செய்யக் கூடாது, காய்ச்சியே ஆக வேண்டும். காய்ச்சி ஆறவைத்து, ஆடையை வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்துப் பிறகு நீராவி பிடியுங்கள். நுரை கொஞ்சம் குறையும், ருசி குறையாது. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், காபியை மூடிவிடும். பசும்பால்தான் சரி. டிகிரி காபிக்கும் தண்ணீர் கலக்காத பசும்பால்தானே? (டிகிரி என்ற பெயர் பால்மானி காட்டும் டிகிரியிலிருந்து வந்தது என்பார் ஒருவர், சிக்கரிதான் மருவியது என்பார் இன்னொருவர். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதியவர்கள் இரண்டையும் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

நீராவிக் குழாயின் முனையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்தால் காகிதம் கிழிகிற சத்தம் வரும். நாலைந்து விநாடி அப்படி. பிறகு உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிடுங்கள். முடிந்த உடனே குழாயை ஈரத்துணியால் துடைத்து ஒரு தடவை நீராவியைத் திறந்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டிவரும்.

ஆட்கள் வந்தால்

சின்ன மெஷின்களில் காபி இறக்கும் சூடு வேறு, நீராவிச் சூடு வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் காத்திருக்க வேண்டும். ஒரு கப்புச்சினோவுக்கு நாலைந்து நிமிஷம். ஆறு பேர் வந்தால் கடைசி ஆளுக்குக் காபி வரும்போது முதல் ஆள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் காலையிலேயே ஃபில்டரில் போட்டு வைத்துவிடுங்கள். மெஷினைப் பார்க்க ஆசைப்படும் ஒருவருக்கு மட்டும் செய்து காட்டினால் போதும்.

சுத்தம்

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் தண்ணீர் ஒரு விநாடி ஓடவிடுங்கள். சக்கையைச் செடித் தொட்டியில் போடலாம், ஒரே தொட்டியில் மலையாகக் குவிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை சல்லடைக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, பிறகு இரண்டு டாங்கி நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள். உங்கள் மெஷினுக்கு அது ஆகுமா என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. கிரைண்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது, பிரஷ் மட்டும்.

போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஒன்று ஒன்றரை வருஷத்தில் அது கெட்டித்துப்போய் ஓரத்தில் ஒழுகத் தொடங்கும். மெஷின் வாங்கும்போதே உபரியாக ஒன்று சேர்த்து ஆர்டர் செய்துவிடுங்கள். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் எந்தக் காலத்துக் குக்கருக்கும் கேஸ்கெட் கிடைக்கும், இது கிடைக்காது.